எழுதிக் கொடுத்ததை எல்லாம் வாசிக்கும் காவல்காரன்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் எனக்கு ஒரு சின்னக் கணினிக் கடை. பழுதான மடிக்கணினி, பிரிண்டர் மை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஒப்படைகளை அச்செடுத்துக் கொடுப்பது, இடையிடையே அலுவலகங்களுக்கு நெற்வேர்க் வயர் இழுப்பது, இவ்வளவுதான் தொழில். போன மாதம் நெல் ஆலை வைத்திருக்கும் ஒரு ஐயா வந்து, கதிரையில் சாய்ந்து அமர்ந்து, பெருமையாகச் சொன்னார்: "தம்பி, ரெண்டரை லட்சம் குடுத்து பயர்வோல் பூட்டியாச்சு. இனி ஒருத்தனும் உள்ளுக்கை வரேலாது."

அவர் போய் ஒரு மணித்தியாலம் இருக்காது, அவருடைய மகள் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவை அனுப்பினார். யாரோ யாருக்கோ அனுப்பிப் பத்துக் குழு சுற்றி வந்த பதிவு. "பயர்வோலையே ஹக் பண்றாங்களாம், கொமாண்ட் இன்ஜெக்‌ஷன் எண்டு ஒண்டாம், எல்லாரும் உடனே பாஸ்வேர்டை மாத்துங்கோ" என்று பதறியது அந்தக் குரல். "இது உண்மையோ அண்ணா?" என்று கீழே கேட்டிருந்தார்.

தகப்பன் சொன்னதும் பிழை. குரல்பதிவில் விஷயம் பாதி சரி, சொன்ன மருந்து பிழை. மகளுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். நீண்டுகொண்டே போனது. அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். கணினி படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. மற்றவர்கள் ஆறுதலாக வாசிக்கலாம்.

சுவர் என்ற சொல் செய்த வேலை

பாடப்புத்தகத்தில் பயர்வோலுக்குத் தீச்சுவர் என்று பெயர். அந்தச் சுவர் என்ற சொல்லால்தான் பாதிக் குழப்பம். சீமெந்துக் கல்லால் கட்டிய மதிலை யாரும் ஏமாற்ற முடியாது. ஏறிக் குதிக்கலாம், இடிக்கலாம், ஆனால் மதிலிடம் பொய் சொல்லி உள்ளே போக முடியாது. பயர்வோலிடம் பொய் சொல்லலாம். ஏனென்றால் அது மதில் அல்ல, மதிலில் உள்ள வாசலில் நிற்கிற ஆள்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு நின்ற தலைமுறைக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. சாவடி என்றால் அங்கே தடுப்பு மட்டும் இருப்பதில்லை. கடதாசியை வாங்கி வாசிக்க ஒருவர், கொப்பியில் பெயர் எழுத ஒருவர், பையைக் கிளற ஒருவர் இருப்பார்கள். வருகிறவர் நீட்டுவதை எல்லாம் கையில் வாங்கிப் பார்த்தால்தான் அவர்களுடைய வேலை நடக்கும்.

அலுவலக இணைய இணைப்பின் வாசலில் வைக்கும் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே ஒரு புரொசசர், கொஞ்சம் நினைவகம், பெரும்பாலும் லினக்ஸ் வகைப் பணிசெயல் முறைமை ஒன்று (விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்), அதன் மேல் கம்பனி எழுதிய மென்பொருள். திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு கணினி, அவ்வளவுதான். வந்து போகிற தரவைப் பார்த்து விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்வது பயர்வோல். வெளியூரில் இருக்கும் ஊழியரை, அலுவலகத்துக்குள்ளேயே இருப்பவர் போல இணைத்து வைப்பது விபிஎன். மின்னஞ்சலைத் திறந்து பார்த்து நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கிற பெட்டிகளும் உண்டு. இவை எல்லாவற்றையும் சேர்த்து இந்தக் கட்டுரையில் காவல் பெட்டி என்றே சொல்கிறேன்.

கணினி என்றால் அதில் பிழை இருக்கும். காவல் பெட்டியில் இருக்கும் பிழை மற்றக் கணினிகளில் இருப்பதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் அது நிற்கிற இடம் அப்படி. குளத்து வாய்க்கால் ஒன்றில் ஒருவர் மண்ணைப் போட்டு மறித்தால் ஒரு வயலுக்குத்தான் கேடு. குளத்து மதகான துருசின் திறப்பு தவறான ஆளின் கைக்குப் போனால் அந்தப் போகமே அவர் கையில்.

கோயில் மைக்

இனி விஷயத்துக்கு வருவோம். எங்கள் ஊர் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல். மைக் பிடிப்பவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். கணீர் என்ற குரல். உபயகாரர் பெயர், தவறிப்போன பிள்ளை, வழியை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிள் என்று எல்லாம் துண்டில் எழுதி அவர் கைக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு வசனம் தயாராக இருக்கும். உபயத்துக்கான வசனம் இது:

"இன்றைய அன்னதான உபயம் ........ அவர்கள்."

புள்ளி போட்ட இடத்தில் துண்டில் இருப்பதை வைத்து ஒரே மூச்சில் வாசித்துவிடுவார். ஒரு வருடம் ஒரு குழப்படிப் பெடியன் கொடுத்த துண்டில் இப்படி எழுதியிருந்தது: "பரமேஸ்வரன் குடும்பத்தினர். தொண்டர்கள் அனைவரும் உடனே மேற்கு வீதிக்கு வரவும்."

வாத்தியார் வாசித்தார்: "இன்றைய அன்னதான உபயம் பரமேஸ்வரன் குடும்பத்தினர். தொண்டர்கள் அனைவரும் உடனே மேற்கு வீதிக்கு வரவும் அவர்கள்."

கடைசியில் அந்த "அவர்கள்" ஒட்டாமல் தொங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. சமையல் கொட்டிலில் நின்ற தொண்டர்கள் அகப்பையைப் போட்டுவிட்டு மேற்கு வீதிக்கு ஓடினார்கள். திரும்பி வந்தபோது சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அந்த வாசம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பெடியன் மைக்கைப் பறிக்கவில்லை. வாத்தியாரின் குரலில் பேசவும் இல்லை. உபயகாரரின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் ஒரு முற்றுப்புள்ளியைப் போட்டு, அதற்குப் பிறகு ஒரு கட்டளையை எழுதினான். வாத்தியாருக்கு இரண்டும் ஒரே துண்டில் இருந்த எழுத்துத்தான். தொண்டர்களோ மைக்கில் வந்த குரலுக்குக் கீழ்ப்படிந்தார்கள். அந்தக் குரலுக்குக் கோயிலில் அதிகாரம் உண்டு.

கொமாண்ட் இன்ஜெக்‌ஷன் என்பதும் இதுதான். தமிழில் கட்டளை புகுத்தல் எனலாம். இன்ஜெக்‌ஷன் என்றதும் நம் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி ஊசிதான் நினைவுக்கு வருகிறது, அதனால் வைரஸ் ஏற்றுகிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே ஏற்றப்படுவது எழுத்து. தகவல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டளை.

உள்ளே இருக்கும் வாத்தியார்

காவல் பெட்டிக்குள் அந்த வாத்தியாரின் வேலையைச் செய்வது ஷெல் என்ற நிரல். ஒரு வரி எழுத்தைக் கொடுத்தால் அதை வாசித்து, சொன்ன வேலையைப் பணிசெயல் முறைமையைக் கொண்டு செய்விப்பது அது. லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸ் முறைமைக்கான முதல் ஷெல்லை 1971இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் எழுதினார். இன்றைய லினக்ஸ் பெட்டிகளில் இருப்பது அதன் பேரப்பிள்ளைகள்.

அந்தக் காலத்தில் தட்டச்சுப் போன்ற ஒரு கருவியின் முன் ஒருவர் இருந்து எழுதுவார். கட்டளையும் அவருடையது, தகவலும் அவருடையது. ஒருவரே இரண்டையும் எழுதும்போது எது தகவல், எது கட்டளை என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை ஷெல்லுக்கு இருக்கவில்லை. எழுதுகிறவரின் வசதிக்காகச் சில குறிகளுக்கு விசேட பொருள் கொடுத்தார்கள். அரைப்புள்ளி, அதாவது ; என்ற குறி, "இந்த வேலை முடிந்தது, அடுத்த வேலையை எடு" என்று பொருள்படும். 1973இல் | என்ற குறி வந்தது. முதல் வேலையின் விளைவை அடுத்த வேலைக்குக் கொடு என்பது அதன் பொருள். வேறும் சில குறிகள் உண்டு. எல்லாம் நல்ல வசதிகள். நானே ஒரு நாளைக்கு நூறு தடவை பாவிக்கிறேன்.

வில்லங்கம் பிறகு வந்தது. கட்டளையை ஒருவர் எழுத, அதற்கு வேண்டிய தகவலை முன்பின் தெரியாத இன்னொருவர் இணையம் வழியாகக் கொடுக்கும் காலம் வந்தது. ஷெல் மாறவில்லை. அதற்கு வருவதெல்லாம் இன்னும் ஒரே ஆளின் ஒரே வரிதான்.

பிங் பக்கம்

கிட்ட வைத்துப் பார்க்க ஓர் உதாரணம். காவல் பெட்டிகளிலும் வீட்டு ரவுட்டர்களிலும் நிர்வாகப் பக்கம் என்று ஒன்று இருக்கும். பிரவுசரில் திறந்து பெட்டியின் அமைப்புகளை மாற்றுகிற இடம் அது. அதில் ஒரு மூலையில் இணைப்பைச் சோதிக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பிங் என்று பெயர். "அக்கோய், வீட்டில நிக்கிறியளோ?" என்று வேலிக்கு மேலால் கூப்பிடுவது போல, இன்னொரு கணினியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. கட்டத்தில் அந்தக் கணினியின் முகவரியை எழுத வேண்டும்.

மென்பொருள் எழுதியவர் பின்னால் என்ன செய்திருப்பார்? பிங் என்ற கட்டளை லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. அதை அவர் புதிதாக எழுதத் தேவையில்லை. ஆகவே பிங் என்ற சொல்லை எடுத்து, நீங்கள் எழுதியதைப் பக்கத்தில் ஒட்டி, ஷெல்லிடம் கொடுத்துவிடுவார். நீங்கள் 192.168.1.1 என்று எழுதினால் ஷெல்லின் கைக்குப் போகும் வரி:

பிங் 192.168.1.1

எல்லாம் சரி. இப்போது ஒருவர் அதே கட்டத்தில் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள். உண்மையான கட்டளைகள் ஆங்கிலச் சுருக்கங்கள், விளங்குவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்:

192.168.1.1 ; கடவுச்சொற்கள் உள்ள கோப்பைக் காட்டு

ஒட்டிய பிறகு ஷெல் காணும் வரி:

பிங் 192.168.1.1 ; கடவுச்சொற்கள் உள்ள கோப்பைக் காட்டு

அரைப்புள்ளி வாத்தியாரின் முற்றுப்புள்ளி. ஷெல் முதலில் பிங் செய்யும். பிறகு, எந்தச் சந்தேகமும் இல்லாமல், கோப்பைக் காட்டும்.

இதில் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். லினக்ஸில் எதையும் செய்யக்கூடிய ஒரு பயனர் உண்டு, பெயர் றூட். காவல் பெட்டிகளின் மென்பொருள் பல இடங்களில் றூட்டின் பெயரிலேயே ஓடுகிறது. ஆகவே அந்தக் கட்டத்தில் புகுந்த கட்டளையும் றூட்டின் கட்டளையாகவே நடக்கும். மைக்கில் வந்த குரலைத் தொண்டர்கள் மறுக்காதது போல.

இவ்வளவில் மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும். காவல் பெட்டியும் ஒரு கணினி. அது வெளியாளிடமிருந்து வாங்கிய எழுத்தைத் தன் கட்டளையோடு ஒட்டி ஷெல்லிடம் கொடுக்கிறது. எழுத்துக்குள் சரியான குறி இருந்தால், எஞ்சியது கட்டளையாக மாறி, பெட்டியின் முழு அதிகாரத்தோடும் நடக்கிறது.

கடவுச்சொல்லை மாற்றினால் என்ன?

மாற்றுவது நல்லதுதான். ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து இல்லை. பிங் கட்டம் நிர்வாகப் பக்கத்துக்குள் இருப்பதால், அதைத் தொட முதலில் கடவுச்சொல் வேண்டும். அதுவரை ஒரு காப்பு உண்டு. பெரிய சேதங்களைச் செய்த பிழைகளோ அங்கே இருக்கவில்லை. கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்கு முன்னாலேயே இருந்தன. நீங்கள் யார் என்று சாவடி கேட்பதற்கு முதல், உங்கள் கையில் இருக்கும் துண்டை அது வாசித்துவிடுகிறது. அப்படி என்றால் 20 எழுத்தில் கடவுச்சொல் வைத்து என்ன பயன்?

எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்று இன்னொன்றைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இதன் ஒன்றுவிட்ட சகோதரம். அங்கே ஏமாறுவது தரவுத்தளம், இங்கே ஏமாறுவது பணிசெயல் முறைமை. தரவுத்தளம் ஏமாறினால் பதிவேடு போகும். இங்கே கட்டிடத்தின் திறப்புக் கொத்தே போகும்.

உண்மையில் நடந்தவை

மின்னஞ்சலைச் சோதிக்கும் காவல் பெட்டி ஒன்றின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பிடித்தது என்று சொல்லக் கூடாதுதான். பரகுடா என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெட்டி அது. மின்னஞ்சலோடு இணைத்து வரும் கோப்புகளைத் திறந்து, உள்ளே கெட்டது இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. சில இணைப்புகள் பொதி வடிவில் வரும், ஒரு பொதிக்குள் பல கோப்பு. பெட்டியின் மென்பொருள் பொதியை அவிழ்த்து, உள்ளே இருந்த கோப்புகளின் பெயர்களைத் தன் கட்டளை வரியோடு ஒட்டியது. தாக்கியவர்கள் கோப்பின் பெயரிலேயே கட்டளையை எழுதி அனுப்பினார்கள்.

அதாவது பொதிக்குள் என்ன இருந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை. பொதியின் மேல் ஒட்டிய லேபிளை வாசித்ததிலேயே சாவடி விழுந்தது. மின்னஞ்சலை யாரும் திறக்கவும் தேவையில்லை, எந்த இணைப்பையும் அமத்தவும் தேவையில்லை. பெட்டிக்கு வந்து சேர்ந்தால் போதும். அந்த மின்னஞ்சல்கள் கொச்சை மொழியில், பார்த்தவுடன் குப்பை என்று தள்ளக்கூடிய விதமாக எழுதப்பட்டிருந்தன என்று ஆராய்ந்த மண்டியன்ட் நிறுவனம் சொன்னது. குப்பை என்றால் யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் அல்லவா.

2023 மே மாதம் பிழையைக் கண்டுபிடித்து அடுத்த நாளே திருத்தத்தை அனுப்பினார்கள். ஆனால் தாக்குதல் 2022 ஒக்டோபரிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. ஏழு மாதம். அதற்குள் தாக்கியவர்கள் பெட்டிக்குள் வேறு வழிகளில் குடியேறிவிட்டார்கள். 2023 ஜூன் 6ஆம் திகதி நிறுவனம் ஒரு அபூர்வமான அறிவித்தல் விட்டது: பாதிக்கப்பட்ட பெட்டியைத் திருத்திப் பயனில்லை, பெட்டியையே மாற்றுங்கள். மென்பொருள் பிழைக்காக இரும்புப் பெட்டியைக் கழற்றி எறியச் சொன்னார்கள்.

அடுத்தது 2024 ஏப்ரல். பலோ அல்டோ நெற்வேர்க்ஸின் பயர்வோல்கள், இந்தத் துறையில் முன்வரிசைப் பெயர். அங்கே தந்திரம் இரண்டு படியாக நடந்தது. விபிஎன் வாசலில் யார் வந்து தட்டினாலும் பெட்டி அவர்களிடம் ஓர் அடையாளக் குறியை வாங்கும். அந்தக் குறி எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று அது ஒழுங்காகச் சோதிக்கவில்லை. அதனால் வெளியாள் தன் விருப்பப்படி ஒரு பெயரோடு பெட்டிக்குள் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்க முடிந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத கோப்பு, பெயர் மட்டும் நீளமானது. பிறகு நேரத்துக்கு நேரம் தானாக ஓடும் இன்னொரு நிரல் வந்து அங்கே இருக்கும் கோப்புகளின் பெயர்களைத் தன் கட்டளையோடு ஒட்டியது. இந்தக் கோப்புகள் எல்லாம் நாமே உண்டாக்கியவை என்று அது நம்பியிருந்தது. காலையில் பெட்டிக்குள் போட்ட துண்டைப் பின்னேரம் வந்த வேறொரு வாத்தியார் எடுத்து வாசித்தது போல. போட்டவனை அவர் கண்டதே இல்லை. பெட்டிக்குள் இருந்தது என்பதால் கோயில்காரர் எழுதியது என்று எண்ணிவிட்டார்.

பிழைகளின் கடுமைக்குப் புள்ளி போடும் ஒரு முறை உண்டு, 0 முதல் 10 வரை. இதற்குக் கிடைத்தது 10. ஏப்ரல் 12ஆம் திகதி பகிரங்கமாக அறிவித்தார்கள். மார்ச் 26இலேயே யாரோ இதைச் சோதித்துப் பார்த்த தடயங்களை வொலெக்சிட்டி என்ற நிறுவனம் பிறகு கண்டெடுத்தது.

அதே வருடம் ஜனவரியில் இவான்டி என்ற நிறுவனத்தின் விபிஎன் பெட்டிகளில் இரண்டு பிழைகள் சேர்ந்து வேலை செய்தன. ஒன்று கடவுச்சொல் கேட்கும் இடத்தைச் சுற்றிப் போக வழி விட்டது. மற்றது கட்டளை புகுத்தல். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகவரகமான சிசா, அரச நிறுவனங்கள் 48 மணித்தியாலத்துக்குள் அந்தப் பெட்டிகளை இணைப்பிலிருந்து கழற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஜூலையில் சிசாவும் எஃப்பிஐயும் சேர்ந்து மென்பொருள் கம்பனிகளுக்கு ஓர் எச்சரிக்கை எழுதின. சாராம்சம் இதுதான்: இந்த வகைப் பிழை எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் எப்போதோ தெரியும், தடுக்கவும் தெரியும், ஆகவே தடுங்கள்.

மூன்று கதையிலும் ஒரே முள்ளந்தண்டு. வெளியாளின் எழுத்து, ஒட்டிய கட்டளை, ஷெல். எழுத்து எந்த வாசலால் வந்தது என்பதுதான் வேறுபடுகிறது.

குறியைத் தடுத்தால் போதாதா?

இதைக் கேட்காத மாணவர் இல்லை. அரைப்புள்ளியைக் கண்டால் மறுத்துவிடு, முடிந்தது. எங்கள் கோயிலிலும் அடுத்த வருடம் அப்படித்தான் செய்தார்கள். துண்டில் முற்றுப்புள்ளி இருந்தால் வாசிப்பதில்லை என்று வாத்தியார் முடிவெடுத்தார். பெடியன்கள் "அத்துடன்" போட்டு எழுதினார்கள். அதைத் தடுத்தால் "மேலும்" இருக்கிறது. கெட்ட சொற்களின் பட்டியல் ஒருநாளும் முடியாது. ஷெல்லிலும் இதே கதைதான். அரைப்புள்ளியைத் தடுத்தால் | இருக்கிறது, & இருக்கிறது, புதிய வரி இருக்கிறது, இன்னும் இருக்கின்றன. ஒன்றை மறந்தாலும் வாசல் திறந்துதான் கிடக்கும்.

திருப்பிப் போட்டால் வேலை இலகு. எது கூடாது என்று பட்டியல் போடாமல், எது மட்டும் வரலாம் என்று சொல்லிவிடலாம். நாம் பார்த்த வகை முகவரி என்றால் நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை, நடுவில் புள்ளி. அவ்வளவுதான். அதற்கு ஒத்துவராத எதையும் வாசலிலேயே திருப்பிவிடலாம்.

அதைவிடவும் நல்ல வழி, ஒட்டுவதையே நிறுத்துவது. முழு வரியாக ஒட்டி ஷெல்லிடம் கொடுக்காமல், பணிசெயல் முறைமையிடம் நேரே "ஓட வேண்டிய நிரல் பிங், அதற்குரிய முகவரி இது" என்று இரண்டையும் தனித்தனியாகக் கையளிக்க முடியும். அப்போது வெளியாள் அரைப்புள்ளியோடு என்ன எழுதினாலும் அது முழுவதும் முகவரி என்றே எடுத்துக்கொள்ளப்படும். "192.168.1.1 ; கோப்பைக் காட்டு" என்ற பெயரில் ஒரு கணினியைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்று பிங் கையை விரித்துவிடும். ஷெல் இந்தக் கதைக்குள் வருவதே இல்லை.

இவ்வளவு இலகு என்றால் ஏன் இன்னும் நடக்கிறது? என் அபிப்பிராயம்: சோம்பலும் பழசும். இந்தப் பெட்டிகளின் மென்பொருள் ஒரே நாளில் எழுதப்பட்டதில்லை. வருடக்கணக்காக ஆள் மாறி ஆள் ஒட்டுப்போட்ட சாக்கு அது. லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிற சின்னச் சின்னக் கருவிகளை ஒட்டு வரிகளால் கோத்துக் கட்டியிருப்பார்கள். பெட்டியும் பூட்டிய பெட்டி. வாங்கியவர் உள்ளே பார்க்க முடியாது, சாதாரண கணினியில் போடுவது போல ஒரு வைரஸ் காவலனைக் கூடப் போட முடியாது. எல்லாக் கணினியையும் கண்காணிக்கிற பெட்டியை யாரும் கண்காணிப்பதில்லை.

எங்கள் பக்கத்துக்கு யார் வரப்போகிறார்கள்?

ஆலை ஐயாவும் இதைத்தான் கேட்டார். "தம்பி, பரந்தனிலை இருக்கிற ஒரு மில்லை அமெரிக்காவிலை இருக்கிறவன் ஏன் தேடுறான்?"

தேடுவதில்லை. எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு போகிறான், அதில் உங்கள் கதவும் ஒன்று. பழைய வகை இணைய முகவரிகள் மொத்தம் கிட்டத்தட்ட 430 கோடி. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமெப் என்ற கருவியை வெளியிட்டு, ஒரே கணினியிலிருந்து அவ்வளவு முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று காட்டினார்கள். ஒரு பெட்டியின் பிழை பகிரங்கமானதும், அந்தப் பெட்டி எங்கெங்கே இருக்கிறது என்று நிரல்கள் தாங்களாகவே தேடத் தொடங்கிவிடும். அவற்றுக்குப் பரந்தனும் தெரியாது, பாரிஸும் தெரியாது. பிடிபட்ட பெட்டியில் களவெடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், இன்னொருவரைத் தாக்க அதைப் பாவிக்கலாம்.

சின்ன அலுவலகம் செய்யக்கூடியது அதிகம் இல்லை, ஆனால் உள்ளது பயனுள்ளது. நிர்வாகப் பக்கம் வெளி இணையத்திலிருந்து திறக்கக் கூடாது, உள்ளே இருந்து மட்டும். வெளியிலிருந்து வேலை செய்ய யாரும் இல்லை என்றால் விபிஎன்னை நிறுத்திவிடலாம். இல்லாத வாசலில் யாரும் துண்டு நீட்ட முடியாது. அப்டேட் வந்தால் போட வேண்டும், குறிப்பாக நிறுவனமே அவசரம் என்று சொன்னால் அன்றைக்கே. நிறுவனம் கைவிட்ட பழைய பெட்டி என்றால், அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் கழற்ற வேண்டியதுதான். இதைச் சொன்னால்தான் ஆட்கள் என்னோடு கோபிக்கிறார்கள். ஏற்கெனவே யாரோ புகுந்துவிட்டார்கள் என்று சந்தேகம் இருந்தால் அப்டேட் மட்டும் போதாது, பரகுடா கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது, இலங்கையில் இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்புக்கு அறிவிக்கலாம்.

இதை வாசிக்கிற ஏ.எல். பெடியன்களுக்கு ஒரு வார்த்தை. பிங் கட்டத்தில் அரைப்புள்ளி போட்டுப் பார்க்க ஆசை வரும், எனக்குத் தெரியும். உங்கள் சொந்தப் பழைய ரவுட்டரில், இணைய வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அடுத்தவரின் பெட்டியில் போட்டால் அது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். விளையாட்டுக்குச் செய்தேன் என்றால் விட மாட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஆலைக்குப் போனேன். பெட்டி அலுமாரிக்கு மேலே, உமித் தூசு படிந்து, பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. ஆலையின் வைஃபையை விட்டு வெளியே வந்து, என் போன் டேட்டாவில் அவர்களுடைய இணைய முகவரியைத் தட்டிப் பார்த்தேன். நிர்வாகப் பக்கம் வடிவாகத் திறந்தது, கம்பனிச் சின்னத்தோடு. ஐயாவின் முகம் மாறிவிட்டது. "இதை இப்பவே பூட்டு தம்பி" என்றார்.

பூட்டுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டுமே. மகளுக்குத் தெரியாது, கணக்கப்பிள்ளைக்கும் தெரியாது. பெட்டியைப் பொருத்தித் தந்த பெடியனைக் கேட்கலாம் என்றால், அவர் மாசியிலேயே கனடாவுக்குப் போய்விட்டாராம். இப்போது அவர் எழும்பும் நேரம் வரும்வரை, அவருடைய தாயாரிடமிருந்து வாங்கிய வட்ஸ்அப் இலக்கத்தை வைத்துக்கொண்டு நானும் மகளும் காத்திருக்கிறோம்.